வாசிக்கத் தெரியாது என்று சொன்ன மகனுக்கு

முதலில் ஒன்றைச் சரிசெய்துவிடுகிறேன். உன்னைத் திருவனந்தபுரத்து ஆபீசுக்கு மாற்றித் தரும்படி நான் யாரையும் கேட்கவில்லை. இங்கே நம் கரமனைப் பேட்டை முழுவதும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மகன் மலைமேல் போய் நாலு பேர் முன்னால் தலைகுனிந்துவிட்டான், தாயார் அழுது சிபாரிசு பிடித்து அவனைத் திரும்ப வரவழைக்கிறாள் என்று பேச்சு. உன் பெரியத்தை அதை உன்னிடமும் போனில் சொல்லியிருக்கிறாள். அவளுடைய மாப்பிள்ளைக்கு உங்கள் தலைமை ஆபீசில் ஆள் தெரியும். அவராகப் பேசினார், அவராக ஏற்பாடு செய்தார், பெயரை மட்டும் என் தலையில் வைத்துவிட்டார். நான் கோயிலுக்குப் போகாமல் இருந்ததற்கும் வெட்கம்தான் காரணம் என்று சொன்னார்களாம். எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. கன்னம் ஒரு பக்கம் வீங்கி, வாயில் கொழுக்கட்டையை அடக்கியிருக்கிற மாதிரி இருந்தது. அந்த முகத்தோடு வெளியே போகிற வழக்கம் எனக்கு இல்லை. வீக்கம் வடிந்ததும் போனேன். பெரியத்தை பிரகாரத்திலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னடி இது, ஆளையே காணோம். மனசு வெஷமிச்சு அகத்துக்குள்ளேயே இருக்கயாக்கும்னு நெனச்சேன்."

"பல்லு பிடுங்கினேன் அக்கா."

"பல்லுக்கு இத்தனை நாளா? போட்டும். பையன் இனி இங்கேயே வந்துடுவான், கேட்டியோ. ஹெட் ஆபீஸ்ல எல்லாம் இங்கிலீஷாக்கும். ஒருத்தனும் அவனை ஒண்ணும் வாசிக்கச் சொல்லமாட்டான்."

"அவன் வரான்னு யார் சொன்னா?"

"பின்னே? கெடச்ச எடத்தை விடுவானோ? அவன் என்ன அசடா?"

அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் 'ஒருத்தனும் அவனை ஒன்றும் வாசிக்கச் சொல்லமாட்டான்' என்ற அந்தப் பேச்சு வீடு வரை என் கூடவே வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எதற்கும் நீ "சரிம்மா" என்பாய். அது சம்மதமா, பேச்சை முடிக்கிற வழியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம் தெருக்காரர்களும் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் எரிசேரிக்குச் சமையல் பக்குவம் எதிர்பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். இது உன் கைக்கு வந்து சேர்ந்த பிறகு இதையே கொடுக்கப்போகிறேன். உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. யாரைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், தெரியட்டும். பாதிக் கதையைக் கேட்டுப் பேசுகிறவர்கள் மீதியையும் படித்துவிட்டுப் பேசலாம்.

நீ இந்த ஊரில் பிறந்தவன். ஆட்டோக்காரரிடமும் மீன்கூடைக்காரியிடமும் நீ பேசுகிற மலையாளத்தைக் கேட்டால் நம்மைத் தமிழ் வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் உனக்கு அதை வாசிக்கத் தெரியாது. தமிழ் எழுத்தை வீட்டில் அப்பாவிடம் கற்றாய், பள்ளியில் நீ எடுத்தது ஹிந்தியும் சம்ஸ்கிருதமும். அது என் முடிவு. சம்ஸ்கிருதத்தில் மார்க் கொட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், கொட்டியது. உன் அப்பா ஒரே ஒரு தடவை, "மலையாளம் எடுத்தா என்ன?" என்று கேட்டார். நான் மார்க்கைப் பற்றிச் சொன்னதும் அதோடு விட்டுவிட்டார். எனக்கு அந்தக் குறை இல்லை. நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். பாலா என்ற ஊரிலிருந்து வந்த ஒரு சிஸ்டர் எங்களுக்கு மலையாளம் எடுத்தார். எழுத்தின் வளைவு கோட்டுக்குக் கீழே ஒரு நூல் இறங்கினாலும் பக்கம் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். அழுதால் கண்ணீர் பட்ட பக்கத்தையும் திரும்ப எழுத வேண்டும். இன்றைக்கும் என் மலையாளக் கையெழுத்தைப் பார்த்தால் அச்சு என்று நினைப்பார்கள். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஹைதராபாத், டில்லி என்று சுற்றவைத்துவிட்டு உன்னை மலைமேல் கட்டப்பனையில் கொண்டுபோய்ப் போட்டார்கள், ஏலக்காய் பயிரிடும் சிறு விவசாயிகளுக்கான ஆபீசுக்குத் தலைவனாக. உன் மேஜைக்கு வருகிற காகிதங்கள் ஆங்கிலம். ஆனால் விவசாயிகள் கூட்டத்தில் கைக்கு வருகிற மனுக்கள் மலையாளம். அதற்கு அங்கே ஒரு முறை இருக்கிறது, நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். மனு கொடுப்பவர் கிட்டே வந்து நிற்பார். அதிகாரி எழுந்து வாங்க வேண்டும். மேலிருந்து கீழே கண்ணை ஓட்ட வேண்டும். நடுவில் ஓரிடத்தில் புருவத்தைச் சுருக்க வேண்டும். பிறகு "செரி, நோக்காம்," சரி, பார்க்கலாம் என்று சொல்லிப் பக்கத்தில் இருக்கும் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். மலையாளம் தெரிந்த அதிகாரியும் அந்த நேரத்தில் படிப்பதில்லை, தெரியாத அதிகாரியும் படிப்பதில்லை. ஆகவே உன்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் குமாஸ்தாவிடமிருந்து மனுக் கட்டை வாங்கிக்கொண்டு காரில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாய். நான் அதை விரலால் பெரிதாக்கிப் படித்து, தமிழில் சொல்லிக் குரல் பதிந்து அனுப்புவேன்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏலத்தோட்டத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் எந்த மேட்டில் செடி அழுகுகிறது, யாருடைய உலர்த்தும் கொட்டகைக்குக் கூரை பறந்துபோயிற்று, யார் தம்பிக்கு எதிராக எழுதிவிட்டுத் தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்று அடியில் சேர்த்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சாப்பிட்ட தட்டைக்கூட அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுப்பேன். வயதான ஒருத்தியிடம் ஒரு ஜில்லாவே வந்து முறையிட்ட மாதிரி இருந்தது. பிறகு ஒரு நாள் போட்டோ வருவது நின்றது. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று காயத்ரியைக் கூப்பிட்டேன். உன் மனைவி முதலில் மழுப்பினாள். உன்னைப் போல அவளுக்கு மழுப்ப வராது. சொல்லிவிட்டாள்.

அன்றைய கூட்டத்தில் வயதான ஒரு அம்மாள் மனுவோடு வந்தாளாம். நீ எழுந்து வாங்கினாய். கண்ணை ஓட்டினாய். புருவத்தையும் சுருக்கினாய். அதற்குப் பிறகு "நோக்காம்" என்று சொல்லவில்லை. ஏன் அன்றைக்கு, ஏன் அந்த அம்மாளிடம் என்று உனக்கே தெரியவில்லை என்று காயத்ரி சொன்னாள். "அம்மச்சீ, எனிக்கு மலையாளம் பறயான் அறியாம், வாயிக்கான் அறியில்ல. இதொந்நு வாயிச்சு தராமோ?" என்றாயாம். பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது, நீங்களே படித்துக் காட்டுங்கள் என்று. அந்த அம்மாள் உன்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனிக்கும் அறியில்ல மோனே," என்றாள். "பள்ளியிலெ கப்யாரு எழுதித் தந்நதா."

தனக்கும் படிக்கத் தெரியாது, மாதா கோயில் பணியாள் எழுதிக் கொடுத்தது என்று அவள் சொன்னதும் சிரிப்பு கிளம்பியது. பின்வரிசையிலிருந்து யாரோ, "நல்ல சேர்ச்சயா ஸாறே, இனி மூணாமதொராள் வேணம்," என்றானாம். நல்ல ஜோடி, இனி மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டும் என்று. காயத்ரி இதை அழாத குறையாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கோபம். பல் வலியிலும் சிரித்தேன், ஏனென்றால் அவன் சொன்னது சரிதானே.

மூன்றாவது ஆளாகக் குமாஸ்தா எழுந்து அந்த மனுவைச் சத்தமாகப் படித்தார். செடிகள் அழுகிவிட்டன, வந்து பார்க்கும்படி பல தடவை கேட்டும் ஆபீசிலிருந்து யாரும் வரவில்லை, வந்து பார்த்துவிட்டதாக மட்டும் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. அப்படி எழுதிவைத்த கள அலுவலர் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் மனு முடிந்ததும் இன்னொருவர் எழுந்து, என்னுடையதையும் வாசிக்கட்டும் என்றார். அவருக்குப் பின்னால் வேறொருவர். அதுவரை அந்த ஹாலில் ஒரு மனுவைக்கூட யாரும் வாய்விட்டுப் படித்ததில்லையாம். படிக்க ஆரம்பித்த பிறகுதான் எல்லோருக்கும் எல்லோருடைய கஷ்டமும் தெரிந்தது. கூட்டம் மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டிப் போயிற்று. மறுநாள் உள்ளூர்ப் பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி, வாசிக்கத் தெரியாத ஆபீசர் என்று. மற்றதைப் பற்றி ஒரு வரி இல்லை. கள அலுவலர்தான் போய்ச் சொல்லியிருப்பார் என்று காயத்ரி நினைக்கிறாள். எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லமாட்டேன். அந்தப் பேப்பர் துண்டு போன் போனாகத் தாவிக் கரமனைக்கு வந்து சேர்ந்தது. தலைமை ஆபீசில் தர்மசங்கடப்பட்டார்கள். பெரியத்தையின் மாப்பிள்ளை அந்தச் சமயத்தில்தான் உள்ளே நுழைந்தார்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. உன் அப்பாவுக்கும் மலையாளம் வாசிக்கத் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் படித்துவிட்டு இங்கே அரசு உத்தியோகத்துக்கு வந்தவர். வந்த புதிதில் ஃபைல் முழுவதும் ஆங்கிலம். கடிதங்கள் மலையாளத்துக்கு மாறியபோது அவர் ஓரளவு பெரிய நாற்காலிக்கு வந்துவிட்டார். பேச்சில் அவரை யாரும் பிடிக்க முடியாது. ஆகவே வாசிக்கவும் தெரியும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை. ஃபைலை வீட்டுக்குக் கொண்டுவருவார். காலையில் காபி ஆனதும் நான் படித்துக் காட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டது அத்தனையும் அப்படியே நினைவில் நிற்கும். ஆபீசில் அவருக்கு, எதையும் வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் பார்த்துத்தான் முடிவு சொல்வார் என்று நல்ல பெயர். நீ அப்போது பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாய். அம்மாவும் அப்பாவும் ஏதோ ஆபீஸ் விஷயம் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பாய்.

ராகவன் என்று ஒரு குமாஸ்தா அவருக்குக் கீழே இருந்தார். உன் அப்பாவுக்கு அவர் மேல் தனிப் பிரியம். ராகவன் தன் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். உன் அப்பா ஒரு பயிற்சிக்காக வெளியூர் போய்ப் பல நாள் கழித்து ஆபீசுக்குத் திரும்பினார். லீவில் இருந்த ராகவன் அன்றைக்கு வந்து ஒரு அச்சடித்த கார்டை நீட்டினார். முகத்தில் தாடி. கார்த்திகை மாதம், சபரிமலைக்கு மாலை போட்டு ஊரில் பாதிப் பேர் தாடியோடு அலைகிற சமயம். உன் அப்பா கார்டின் மேல் கண்ணை ஓட்டினார். அதில் அவருக்குப் புரிகிற மாதிரி இருந்தது தேதி மட்டும்தான். எழுந்து ராகவனின் கையைப் பிடித்துக் குலுக்கி, ரொம்ப சந்தோஷம், குடும்பத்தோடு வருகிறேன் என்றார். ராகவன் கார்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாராம். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாராம். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா உற்சாகமாக இருந்தார்.

"இவளே, நம்ம ராகவன் தங்கைக்குக் கல்யாணம், ஞாயித்துக்கெழமை. சாலைக் கடைத்தெருவுக்குப் போயி நல்லதா ஒரு வெளக்கு வாங்கிடு. பித்தளையே இருக்கட்டும்."

நான் கார்டை வாங்கிப் பார்த்தேன். "இது கல்யாணம் இல்லை," என்றேன்.

"பின்னே?"

"அவரோட அம்மா போயிட்டா. பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குக் கூப்பிட்டிருக்கார்."

உன் அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. தாய் செத்ததற்குக் கருமத்துக்கு அழைக்க வந்த பிள்ளையின் கையைக் குலுக்கிச் சந்தோஷம் என்று சொல்லியிருக்கிறார். நான் சொன்னேன், இப்போதே கிளம்பி அவர் வீட்டுக்குப் போங்கோ, எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது, கல்யாணம்னு நெனச்சுட்டேன்னு சொல்லிடுங்கோ என்று. சொல்லியிருந்தால் ராகவன் அந்தத் துக்கத்திலும் சிரித்திருப்பார். இரண்டு பேரும் அழுதுவிட்டு அதோடு தீர்ந்திருக்கும். "அதை மட்டும் சொல்ல முடியாது," என்றார் உன் அப்பா. ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் போனோம். என்னவோ ஃபைல் ஞாபகத்தில் கார்டைச் சரியாகப் பார்க்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னார். "ஸாரமில்ல ஸாறே," பரவாயில்லை சார் என்று ராகவன் சொல்லிவிட்டு, இலை போட ஆட்களைக் கூப்பிடப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் ராகவன் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கூப்பிட்டால் வந்து நின்றார், சொன்ன வேலையைச் செய்தார். ஆனால் வீட்டு விஷயம் ஒன்றையும் அதற்கு மேல் உன் அப்பாவிடம் சொன்னதில்லை. தங்கைக்கு நிஜமாகவே கல்யாணம் வந்தபோது ஆபீசில் எல்லோருக்கும் கையில் கொடுத்தார், நமக்குத் தபாலில் வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் வாந்தியெடுத்தால் தன் துண்டை எடுத்துக் கொடுக்கிற மனிதர் உன் அப்பா. அவரைப் போய் ஈரமில்லாதவர் என்று ஒருவர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். அதை ஒரே வாக்கியத்தில் மாற்றியிருக்கலாம். படிக்கத் தெரியாதவர் என்ற பெயரைவிட இரக்கமில்லாதவர் என்ற பெயர் தேவலை என்று அவருக்குப் பட்டது. எழுத்தைக் கற்றுக்கொண்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். கற்றுக்கொள்ள வேண்டுமானால் முதலில் தெரியாது என்று ஒருவரிடம் சொல்ல வேண்டும். அவர் சொன்னது என்னிடம் மட்டும்தான். நான் கற்றுக்கொடுக்கவில்லை, படித்துக் காட்டினேன். உனக்கும் அதையேதான் செய்தேன்.

அவரைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அவர் போனபிறகு அவரைப் பற்றி இந்த வீட்டில் ஒரு குறைச்சலான வார்த்தை வந்ததில்லை, இனியும் வராது. ஆனால் நீ அந்த ஹாலில் சொன்னது எவ்வளவு பெரிய காரியம் என்று இந்த ஊரில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. வாழ்நாள் முழுவதும் அதைச் சொல்ல முடியாமல் இருந்த ஒருவரோடு நான் குடித்தனம் செய்திருக்கிறேன். நீ மாநிலத்தில் ராங்க் வாங்கியபோது தெருவே வந்து கை கொடுத்தது. அந்தப் பெருமையில் பாதி என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன். விடியற்காலையில் எழுப்பியது நான், சம்ஸ்கிருதத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான். இந்தப் பெருமையில் எனக்குப் பங்கு இல்லை. நான் உனக்குக் கற்றுக்கொடுத்தது இதற்கு நேர்மாறானது. நாலு பேருக்கு நடுவில் தெரியாது என்று சொல்லாதே, வீட்டுக்கு வந்து என்னிடம் கேள் என்றுதான் உன்னை வளர்த்தேன். நீயாக வேறொன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறாய். இத்தனை வயதுக்கு மேல் பிள்ளையைப் பார்த்து ஆச்சரியப்படுவது எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா?

ஆனால் நான் யார் என்று உனக்குத் தெரியும், பாராட்டோடு நிறுத்தமாட்டேன். தெரியாது என்று சொன்னது பாதி வேலைதான். இந்த வருஷம் சொன்னதையே அடுத்த வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தால் அது அழகாக இருக்காது. நீ ஒன்றாம் வகுப்பு மலையாளப் பாடப்புத்தகம் வாங்கியிருக்கிறாய் என்றும், யாராவது வந்தால் அதைப் பேப்பருக்கு அடியில் தள்ளிவிடுகிறாய் என்றும் காயத்ரி சொன்னாள். அதை ஏன் ஒளிக்கிறாய்? ஒரு ஹால் முழுவதற்கும் தெரிந்தாகிவிட்டது, பேப்பரிலும் வந்தாகிவிட்டது. இனி மறைக்க உன்னிடம் என்ன இருக்கிறது? ஆபீஸ் மேஜை மேலேயே வைத்துக்கொள். மனு கொடுக்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு எழுத்தைத் திருத்திவிட்டுப் போகட்டும். கேலி செய்வார்கள். மலைக்காரர்களின் கேலி உனக்குப் பழகிவிடும். எனக்கு இப்போதே பிடித்துவிட்டது.

இனி மாற்றல் விஷயம். தலைமை ஆபீசில் எல்லாம் ஆங்கிலம், பெரியத்தை சொன்னது உண்மை. அங்கே உன்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேட்காத இடத்தில் நீ சௌகரியமாகத் தலையை ஆட்டிக்கொண்டு ரிடையர் ஆகலாம். கட்டப்பனைக்கு வேறொருவர் வருவார். அவர் மனுவை எழுந்து வாங்கி, கண்ணை ஓட்டி, "நோக்காம்" என்று சொல்லிப் பக்கத்தில் கொடுப்பார். அந்த அம்மச்சி இரண்டாவது தடவை கப்யாரிடம் போய் எழுதி வாங்கிக்கொண்டு வரமாட்டாள்.

மாற்றலுக்கு நீ ஒரு விண்ணப்பம் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும், மற்றதெல்லாம் ஆகிவிட்டது என்கிறார்கள். அதில் காரணமாக என்ன எழுதுவதாக இருக்கிறாய் என்று காயத்ரியைக் கேட்டேன். வயதான தாயார் தனியாக இருக்கிறார், பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறாயாம். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது என்று எழுத முடியாததால் அம்மா என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவு பேர் முன்னால் உள்ளதைச் சொன்ன பையன், ஒரு தாளில் என்னைத் திரையாகப் பிடித்துக்கொண்டு ஒளியப் பார்க்கிறாய்.

நான் உன்னிடம் ஒன்றை மறைக்கவும் விரும்பவில்லை. நீ வந்தால் எனக்கு நல்லது. மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க என்னால் முடிவதில்லை. இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, அடுத்த மாதம் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ அனுப்பிய கடைசி மனுக்களை வலது கண்ணை வைத்துக்கொண்டுதான் படித்தேன், உன்னிடம் சொல்லவில்லை. சாயங்காலம் கேட் சத்தம் கேட்டால் யாராக இருந்தாலும் ஒரு விநாடி நீ என்றுதான் நினைக்கிறேன். ஆபரேஷனுக்குப் பெரியத்தை கூட வருவாள். போகிற வழியெல்லாம் பேசுவாள், நான் சகித்துக்கொள்வேன். நீ அதற்கு வர விரும்பினால் லீவு போட்டு வா. மாற்றலில் வராதே. என்றைக்காவது அம்மாவோடு இருக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக நீ வந்தால் வாசலில் கோலம் போட்டு அழைத்துக்கொள்வேன். அங்கே நிற்க முடியாமல் ஓடி வருகிறவனுக்கு என் வயதைக் கடனாகத் தரமாட்டேன்.

என்ன முடிவு செய்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். போன் வேண்டாம், வாட்ஸாப் வேண்டாம். ஒரு தாளை எடுத்து, மலையாளத்தில், உன் கையால் எழுது. குமாஸ்தாவிடம் காட்டித் திருத்தாதே. இங்கேயே இருக்கிறேன் என்றோ, புறப்பட்டு வருகிறேன் என்றோ ஒரு வரி போதும். எழுத்து கோணலாக இருந்தாலும் படித்துக்கொள்வேன். என் கண் ஆபரேஷனுக்கு முன்னால் கிடைக்கும்படி தபாலில் போடு.